இரண்டு வழியால் போகும் பொதிகள்

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லாஞ்சில் கொட்டியாரக்குடாவைக் குறுக்கறுத்துப் போகலாம். கிண்ணியா சுற்றி ஏ15 வீதியாலும் போகலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை வீதியால் போனவர்கள் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்தார்கள். வாடையில் கடல் குழம்பினால் லாஞ்சுப் பயணம் கஷ்டம். ஒன்று மறித்தால் மற்றது என்பது ஊர்க்கணக்கு. ஒரே சரக்கைப் பிரித்து இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் விட்டால்? கணினி வலையமைப்புகள் அதையும் செய்கின்றன.

இணையத்தில் ஒரு கோப்பு முழுசாகப் போவதில்லை. பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாத பொதிகளாகப் பிரிந்து, வரிசை எண்ணோடு போகும். டீசீபி என்ற பழைய விதிமுறை ஒவ்வோர் இணைப்பையும் இரு முனைகளின் ஐபி முகவரிகளோடு கட்டிப்போடுகிறது. வீட்டு வைஃபையில் கோப்பொன்றை இறக்கிக்கொண்டே தெருவுக்கு வந்தால் போன் 4ஜீக்கு மாறும், முகவரி மாறும், இணைப்பு அறுந்துபோகும். 2013இல் ஆர்எஃப்சி 6824 என்ற ஆவணமாக வந்த மல்டிபாத் டீசீபி இந்தக் கட்டை அவிழ்த்தது. அதில் வைஃபையும் 4ஜீயும் ஒரே இணைப்பின் இரண்டு கிளைகள். அதே ஆண்டு ஆப்பிள் தன் ஐஓஎஸ் 7இல், குரல் உதவியாளர் ‘சிரி’க்கு இதைப் பயன்படுத்தியது.

வில்லங்கம் வரிசையில்தான். லாஞ்சில் வந்த 2, 3, 4ஆம் மூட்டைகள் மூதூர் இறங்குதுறையில் கிடக்கும். 1ஆம் மூட்டை வீதியால் வரும்வரை எதையும் பிரிக்க முடியாது. பொதிகளுக்கும் இதே கதி. முந்தி வந்தவற்றைப் பெறும் கருவி நினைவகத்தில் பிடித்து வைக்கவேண்டும். நினைவகம் நிரம்பினால் வேகமான வழியும் சும்மா நிற்கும். இரண்டு வழி சேர்ந்து ஒரு வழியைவிட மந்தமாவதும் உண்டு. அதனால்தான் சம தரத்தில் பல வழிகள் இருக்கும்போது ரவுட்டர்கள் பொதுவாக ஓர் இணைப்பின் பொதிகளையெல்லாம் ஒரே வழியால் விட்டு, அடுத்த இணைப்பை வேறு வழியில் ஏற்றுகின்றன.

வழிகள் உண்மையிலேயே வேறு வேறா என்பதையும் பார்க்கவேண்டும். 2008 ஜனவரி 30இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. தெற்காசியாவில் இணையம் தவழ்ந்தது. உரிமையாளர்கள் வேறுதான், ஐரோப்பாவுக்குப் போக இரண்டும் எகிப்தையே நம்பியிருந்தன. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கும் திருகோணமலைக் கடைக்காரரும் காசு கட்டுமுன் ஒன்று விசாரிக்கலாம்: இரண்டு கேபிளும் ஒரே கம்பத்திலா தொங்குகின்றன?