நடுக்கத்தின் முதல் அசைவு

ஒகேனக்கல் அருவியைக் காணச் செல்வோர் பெரும்பாலும் நீரையே நோக்குகின்றனர். சுற்றிலுமுள்ள கற்களை நோக்குவோர் சிலரே. தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள அப்பகுதியில் கார்பனடைட் என்னும் அரிய கல்வகை காணப்படுகின்றது. சுண்ணாம்புக்கல்லைப் போலத் தோன்றினும், அது கடலடியிற் படிந்ததன்று. பூமியின் ஆழத்தினின்றும் உருகிய குழம்பாய் எழுந்து பாறைப் பிளவுகளுக்குள்ளேயே உறைந்ததாகும். உறைந்து சுமார் 240 கோடி ஆண்டுகள் ஆயின என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. 2004ஆம் ஆண்டு வரை இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சாமல்பட்டிப் பக்கத்திலும், அதற்கு மிகப் பிற்பட்ட காலத்தில் தோன்றிய இவ்வகைக் கற்கள் உள.

இதனைக் கேள்வியுற்ற மாணவர், இப்பக்கத்தில் நிலம் சிறிது அதிர்ந்தாலும், "கீழே எரிமலை விழித்துக்கொண்டதோ?" என ஐயுறுதல் இயல்பே. அவ்வையத்தை ஊகத்தால் தீர்க்க வேண்டுவதில்லை. நிலநடுக்கம் எவ்வாறு பிறந்ததென்பதை, தொலைவிலுள்ள கருவிகள் பதிந்த அதன் முதல் அசைவைக்கொண்டே ஓரளவு அறியலாம். அம்முறையையும், அதனை நம்பக்கூடிய எல்லையையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

குறுகிய பாதையொன்றில் இரண்டு பாரவண்டிகள் ஒன்றையொன்று உராய்ந்தவாறு எதிரெதிராகச் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் நிற்பவை தள்ளப்படும். பின்னால் நிற்பவை இழுக்கப்படும். ஆகவே உராய்ந்த இடத்தைச் சுற்றி, தள்ளல், இழுப்பு, தள்ளல், இழுப்பு என நான்கு கூறுகள் மாறி மாறி அமையும். பூமிக்குள் ஒரு பிளவின் இருபுறத்துப் பாறைகளும் சறுக்கும்போது நிகழ்வதும் இதுவே. தள்ளற் கூற்றிலுள்ள நிலையத்தில் கருவியின் முதல் அசைவு மேல்நோக்கியும், இழுப்புக் கூற்றிலுள்ள நிலையத்தில் கீழ்நோக்கியும் இருக்கும். பல நிலையங்களின் பதிவுகளை ஒரு வட்டத்தில் குறித்தால், நான்கு கூறுகளைப் பிரிக்கும் இரு தளங்கள் புலப்படும். அவற்றுள் ஒன்றே உண்மைப் பிளவு. மற்றது அதன் நிழல் போன்றது. எது எதுவென்று இக்குறிகள் மட்டும் சொல்லமாட்டா. பின்தொடரும் சிறு நடுக்கங்கள் எத்தளத்தை ஒட்டிப் பரவுகின்றன என்று பார்த்தே தெளிதல் வேண்டும்.

இனிக் கல்லுடைப்போர் பாறையில் ஆப்பு அறைவதை நினைக்க. அங்கே சறுக்கல் இல்லை. பாறை விரிந்து எப்புறமும் வெளியே தள்ளுகின்றது. கற்சுரங்கத்தில் வெடி வைத்தாலும் அவ்வாறே. ஆதலின் அத்தகைய அதிர்ச்சியில் எல்லா நிலையங்களிலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்க வேண்டும். கருங்கற் சுரங்கங்கள் மிகுந்த இவ்வட்டாரத்தில், வெடியதிர்ச்சியையும் நிலநடுக்கத்தையும் வேறுபடுத்த இவ்வறிகுறி பெரிதும் உதவும். எரிமலையில் உருகிய பாறைக்குழம்பு பிளவுக்குள் நுழைந்தால் அதுவும் ஓர் ஆப்பே. வெந்நீர்ப் பிரதேசத்தில் நீராவி பிளவைத் திறந்தாலும், குளிர்ந்து சுருங்கிய பிளவு மூடினாலும், நான்கு கூற்று ஒழுங்கு குலையலாம்.

ஒழுங்கு குலைந்தது, எனவே குழம்பு எழுந்தது என்று முடித்துவிடலாகாதோ? ஆகாது. கலிபோர்னியாவில் லாங் வேலி என்னும் பழைய எரிமலைப் பள்ளத்தருகே 1980 மே மாதம் ஆறு அளவையொட்டிய நான்கு நடுக்கங்கள் நேர்ந்தன. அவற்றின் பதிவுகள் நான்கு கூற்று அமைப்பிற்குச் சரியாகப் பொருந்தவில்லை. குழம்பு புகுந்ததே காரணம் என்றனர் சிலர். வெவ்வேறு திசையிலுள்ள பிளவுகள் அடுத்தடுத்துச் சறுக்கியதே அவ்வாறு தோன்றியது என்றனர் வேறு சிலர். ஐஸ்லாந்தில் பார்தார்பங்கா எரிமலைக்கடியில் 1996இல் நேர்ந்த நடுக்கத்தைப் பற்றியும் இத்தகைய வாதம் எழுந்தது. வளைய வடிவான பிளவில் எல்லாப் பக்கமும் ஒருங்கே சறுக்கினால், பாறையின் கொள்ளளவு மாறாமலே விந்தையான குறிகள் தோன்றுமென்பது அதில் வெளிப்பட்டது. மேலும், சூடேறி நீராவி நிறைந்த பாறைகளில் அலைகள் வளைந்து செல்லும். நிலையங்களும் ஒருபுறமே குவிந்திருக்கும். அவ்விடங்களில், குலைந்தது நடுக்கமா நமது கணக்கா என்று முதலில் கேட்டல் நலம்.

மறுதலையும் உண்மை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த பெருநடுக்கத்திற்கு ஒரு மாதத்திற்குப் பின், அந்தமான் கடலடியில் நடுக்கங்கள் கூட்டமாய் எழுந்தன. 2005 ஜனவரி 27 முதல் 30 வரை நான்கே நாட்களில், ஐந்து அளவிற்குக் குறையாதன மட்டும் 150க்கு மேற்பட்டன. ஒன்று பெரிதாகவும் ஏனையவை அதன் எச்சமாகவும் அமையாமல், ஏறத்தாழ ஒத்த வலிமையோடு கூட்டமாய் வருவது எரிமலைப் பிரதேசங்களிற் கண்ட இயல்பு. அக்கடலில் பாரன் தீவு என்னும் எரிமலை உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குப் பின் உறங்கி 1991இல் விழித்த அது, 2005 மே மாதத்திலும் குமுறிற்று. எனினும் அந்நடுக்கங்களின் பதிவுகள் பெரும்பாலும் வழக்கமான சறுக்கலையே காட்டின. இதனாற் குழம்பிற்குத் தொடர்பில்லை என்று கொள்ளுதலும் தவறு. ஆப்பு நுழையும்போது அதன் ஓரத்துப் பாறைகள் சறுக்கியே இடங்கொடுக்கும். குழம்பு நுழைந்தது என்று கூறுவோரும், பெருநடுக்கம் அழுத்தத்தை மாற்றியதே போதும் என்று கூறுவோரும் இன்றும் உளர். எமக்கு இவ்விரண்டும் பகையானவையாகத் தோன்றவில்லை.

தருமபுரிக்குரிய விடை இவற்றினும் எளிது. ஒகேனக்கற் குழம்பு ஆறிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தன. அதன் சூடு இன்று நிலத்தடியில் இல்லை. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயமுத்தூர்ப் பக்கத்தே தோன்றித் தென்னாட்டை உலுக்கிய, சுமார் ஆறு அளவுள்ள நடுக்கத்திற்கும் எரிமலை காரணமன்று. வடக்கே இமயத்தை முட்டிக்கொண்டிருக்கும் இந்தியப் பாறைத்தட்டின் நெருக்குதலால் பழைய பிளவுகள் சறுக்குதலே தென்னாட்டு நடுக்கங்களுக்குக் காரணமாகக் கொள்ளப்படுவது.

வெந்நீரைப் பயன்கொள்ளும் இடங்களிலோ இவ்வாராய்ச்சி வெறும் அறிவின்பமன்று. நிலத்தடி வெப்பத்தைப் பெறுதற்பொருட்டு நீரை அழுத்திச் செலுத்தியதால், சுவிட்சர்லாந்திலுள்ள பாசெல் நகரில் 2006இல் 3.4 அளவுள்ள நடுக்கம் தோன்றி, அம்முயற்சி கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங் நகரில் 2017 நவம்பர் 15ஆம் நாள் 5.4 அளவுள்ள நடுக்கம் வீடுகளைச் சிதைத்தது. நீர் செலுத்தியதே அதனைத் தூண்டிற்று என்று 2019இல் அரசாங்கக் குழு அறிவித்தது. அதற்குமுன் தோன்றிய சிறு நடுக்கங்கள் ஒரே தளத்தில் வரிசையாக அமைந்திருந்ததும் பின்னரே ஆராய்ந்து அறியப்பட்டது. அத்தளமே பெருநடுக்கத்தின் பிளவு.

நமது நாட்டில், லடாக்கிலுள்ள புகா பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திற்குச் சுமார் 4,400 மீட்டர் உயரத்தே, 84 பாகை வரை சூடுள்ள ஊற்றுகள் உள. அவ்வெப்பத்தால் மின்சாரம் ஆக்குதற்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. பயன்கொண்ட நீரை மீண்டும் நிலத்துட் செலுத்துதல் இத்தொழிலில் வழக்கம். நீர் செலுத்துமுன்னரே பள்ளத்தாக்கின் நாற்புறத்தும் கருவிகளை நிறுவி, இயல்பாக அங்குத் தோன்றும் சிறு நடுக்கங்களின் முதல் அசைவுகளைப் பதிந்து வைத்தல் வேண்டும் என்பது எமது கருத்து. பின்னொருநாள் நிலம் அதிருங்கால், அது இமயத்தின் பழைய வழக்கமோ, நாம் செலுத்திய நீரின் விளைவோ என்று ஒப்பிட்டுச் சொல்ல அப்பதிவுகளன்றி வேறு சான்று இராது.