மரச்சீனிக் கம்பில் மறைந்து வரும் பகை

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் செல்வோர் வீட்டுக்கு வீடு காண்பது மரச்சீனி. 1956 நவம்பர் முதல் நாளன்று கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் மரச்சீனியும் மீன்குழம்பும் இரு புறத்துக்கும் பொதுவே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த பயிர் இது. பிழைப்பை நாடி வெளியூர் வந்த நாமும், விடுமுறைக்குச் சென்று திரும்புகையில் நான்கு கம்புகளைக் கட்டிக்கொண்டு வருவதுண்டு. அக்கட்டில் கூடவே வருவது என்ன என்பதை அன்பர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

மரச்சீனி இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள் தோன்றி, இலை கோணிச் சுருங்குவதைத் தேமல் நோய் என்கிறோம். வைரஸ் எனும் நுண்ணுயிரே இதற்குக் காரணம். வெள்ளை ஈ இதனைச் செடிக்குச் செடி பரப்புகிறது. நோயுற்ற செடியின் கம்பை நட்டால், முளைக்கும் செடியும் நோயுடனேயே பிறக்கிறது.

செடி தற்காப்பு அற்றதன்று. வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகிறது. செடியின் நொதியொன்று அதனைக் கத்தரிபோல் 21 முதல் 24 எழுத்துகள் கொண்ட துண்டுகளாக நறுக்குகிறது. வேறொரு புரதம் அத்துண்டினை அடையாளச் சீட்டாக ஏந்தி, அதற்கு இணையான வைரஸ் செய்திகளைத் தேடி வெட்டி வீழ்த்துகிறது. கள்வன் விட்டுச்சென்ற துணியை மோப்பம் பிடித்து நாய் அவனையே துரத்துவது போன்றது இது.

கள்வனோ அதனினும் கெட்டிக்காரன். இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸில் ஏசி4 என்னும் புரதமும், இந்திய வைரஸில் ஏசி2 என்னும் புரதமும் இக்காவலை ஒடுக்குகின்றன என்று 2004-இல் ஆய்வாளர் காட்டினர். ஆப்பிரிக்க இனம் ஒன்றின் ஏசி4, செடி தன் வளர்ச்சிக்காக வைத்திருக்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களையும் பற்றிக்கொள்வது 2005-இல் தெரிந்தது. செடியின் உருவம் திரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. வெப்பம் 25 பாகையிலிருந்து 30 பாகைக்கு உயரும்போது செடியின் காவல் வலுத்து, நோய்க்குறி மங்குகிறது. ஆகவே, கோடையில் நலமாகத் தோன்றும் செடி நோயற்றது என்று நம்பிவிடலாகாது.

கம்பு செல்லும் தொலைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: இலங்கையின் பெயர் தாங்கிய அவ்வைரஸ் 2015-இல் கம்போடியாவில் காணப்பட்டது, பின்னர் வியட்நாமிலும் தாய்லாந்திலும் பரவிற்று. நட்ட கம்புகளின் வழியே அது நெடுந்தொலைவு கடக்கிறது.

நோயுற்ற செடியை மீட்கும் மருந்து எதுவும் தோட்டக்காரர் கைக்கு எட்டவில்லை. ஆகையால் முன்னெச்சரிக்கையே வழி. இலை தழைத்திருக்கும் பருவத்திலேயே பலமுறை பார்த்து, தேமலற்ற செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றின் கம்புகளையே விதைக்கு வைக்கச் சொல்லுங்கள். முளைத்தபின் தேமல் கண்டால் உடனே பிடுங்கி அழியுங்கள். 1963-இல் ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ பத்மநாபா போன்ற நோய் தாங்கும் இனங்களை அளித்திருக்கிறது. கடல் கடந்து வாழ்வோரோ கம்பை எடுத்துச் செல்லவே வேண்டாம்.

ஊரின் சுவையை உடன் கொண்டுவர விரும்புவோர் கிழங்கை வேகவைத்து உண்டு மகிழ்க. கம்பை ஆராய்ந்தன்றி நடாதிருப்போமாக.