மலைபடுகடாமும் நம் மலைநாட்டு இசைவாணரும்

இசையைத் தொழிலாகக் கொண்டோர்க்கு வாழ்க்கை வழி காட்டுதல் மேனாட்டார் அண்மையிற் கண்ட புதுமை என்று கருதுவோர் உளர். எங்குச் செல்வது, யாரை அடுப்பது, என்ன ஊதியம் கேட்பது, குரலையும் உடலையும் எவ்வாறு காப்பது என்று பாடகர்க்கும் வாத்தியக்காரர்க்கும் ஆலோசனை கூறுவோர் அந்நாடுகளில் இன்று தனித் தொழிலினராகவே இருக்கின்றனர். ஆயின், இப்பொருளையே கருவாகக் கொண்ட ஓர் இலக்கிய வகை தமிழில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது. அதுவே ஆற்றுப்படை.

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்போருள் பரிசில் பெற்று மீள்பவர், வறுமையோடு எதிர்ப்பட்டவர்க்குத் தாம் பெற்ற வளத்தை அறிவுறுத்தி வழிப்படுத்துதல் என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் கூறும். வழி சொல்பவன் அவ்வழியே நடந்து பயன் பெற்றவனாதல் வேண்டும் என்பதே இவ்விலக்கணத்தின் உயிர்நிலை. நூல் படித்து வழி சொல்வோர்க்கு, என் போன்ற ஆசிரியர்க்கும், இங்கு இடமில்லை!

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள. முருகன் அருளுக்கு ஆற்றுப்படுத்துவது ஒன்று. ஏனைய நான்கும் கலைஞரை ஆற்றுப்படுத்துவன. இவற்றுள் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை கலைஞனின் வறுமையைக் கூசாது காட்டுகிறது. இடிந்த அடுக்களை, சுவரிலே பூத்த காளான், கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய். கிணைப்பறை கொட்டுவோனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். அதனை உண்ணுமுன் அவள் செய்வது யாது? அயலார் காணுதற்கு நாணிக் கதவை அடைக்கிறாள். பசியினும் அந்நாணமே புலவரின் நெஞ்சைத் தைத்தது போலும்.

நம் மலைநாட்டார்க்கு மிக அணுக்கமானது பெருங்கௌசிகனார் நன்னன்மேற் பாடிய மலைபடுகடாம். முழவு, ஆகுளி, கோடு, தூம்பு, குழல் முதலிய கருவிகளைப் பையிலிட்டுச் சுமந்து மலையேறுகிறது ஒரு கூத்தர் கூட்டம். அப்பைகள் கொத்தாகக் காய்த்த பலாக்காய்களைப் போலத் தொங்குகின்றன. ஹாலிஎலயிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு ஏறினும் பலா மரத்தைக் காணலாம். உவமையை மாணவர்க்கு விளக்க நான் வருந்தியதில்லை. அப்பால் வருவன எல்லாம் வழிச்செல்வோர்க்கு வேண்டிய நுணுக்கங்கள்: தினைப்புனத்திற் பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, ஆதலின் விடிந்தபின் செல்க, யானையை ஓட்டக் கவணிலிருந்து எறியும் கல் வரும், மரத்தின் பின் ஒதுங்குக, வழுக்கும் பாறையில் கொடியைப் பற்றி நடக்க. புரவலனின் புகழினும் வழியின் இடர்களைப் பற்றிய பேச்சே நூலின் பெரும்பகுதியாய் நிற்கிறது.

நிற்க. புரவலன் இல்லாத காலத்தில் இவ்வழிகாட்டல் என்னாகும்? வள்ளல்கள் எழுவர் பூண்ட ஈகை நுகத்தை ஒருவனே தாங்கியமையைச் சிறுபாணாற்றுப்படையே பேசுகிறது. பிற்காலத்தில் அரசவை போய், சபையும் வானொலியும் கல்லூரியும் அவ்விடத்தைப் பெற்றன. சென்னையில் 1928இல் சங்கீத வித்துவ சபை எழுந்தது. யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றிப் பரீட்சைகளை நடத்தலாயிற்று. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1982இல் மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரால் எழுந்த இசை நடனக் கல்லூரியும் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பாணரின் யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த பெருமகனின் பெயர் அதற்குப் பொருந்தியதே.

பரிசில் என்பது ஊதியமாக மாறியபோது மதிப்பைக் கேட்டுப் பெறும் துணிவும் வேண்டியதாயிற்று. நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நின்று வாசிக்கும் வழக்கத்தை மாற்றி, மேடையில் அமர்ந்து வாசித்தார். அதனைச் செருக்கு என்றோரும் இருந்தனர். அவர்க்குப் பின் வந்த நாகசுரக்காரர் அமர்ந்து வாசிப்பதற்கு அச்செருக்கே வழி செய்தது என்பது என் கருத்து.

நம் தோட்டங்களில் தப்பு ஒலியாத விழா இல்லை, சாவு இல்லை. காமன் கூத்துக்கும் அதுவே தாளம். தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் ஒரு காலத்தில் அதுவே. எனினும், தந்தை தப்படிப்பவர் என்று வகுப்பிற் சொல்லக் கூசி, வேறு தொழிலின் பெயரைச் சொன்ன மாணவன் ஒருவனை நான் அறிவேன். தாள ஞானத்தில் அவனுக்கு நிகர் அவ்வகுப்பில் இல்லை. கிணைவனின் மனைவி அடைத்த கதவு இன்னும் திறக்கப்படவில்லை என்று அன்று உணர்ந்தேன். சங்கீதத்தைப் பாடமாக எடுக்குமாறு நான் கூறியபோது, அவன் தந்தை என்னிடம் வந்து, "இதைப் படித்தால் சம்பளம் வருமா, ஐயா? வருவதற்கு எத்தனை வருஷம் ஆகும்? அதுவரை பஸ்ஸுக்கும் விடுதிக்கும் என்ன செய்வது?" என்று கேட்டார். பொறியும் கவண்கல்லும் வழுக்குப் பாறையும் எவை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

தொல்காப்பியர் இலக்கணப்படி விடை கூறும் தகுதி எனக்கில்லை. தோட்டத்து லயத்திலிருந்து சென்று இசை பயின்று, இன்று ஆசிரியராயிருக்கும் பழைய மாணவர் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகனும் அவரைக் காணப் புறப்பட்டனர். தப்பையும் ஒரு பையிலிட்டு உடன் கொண்டு சென்றனர்.