வன்னிக் கன்றும் ஊர் நாற்றங்காலும்

மேற்கு ராஜஸ்தானத்தில் ரயிற் பிரயாணம் செய்த நம்மவர், கம்பங்கொல்லைகளின் நடுவே ஆங்காங்கே தனித்து நிற்கும் மரமொன்றைக் கண்டிருப்பர். அந்நாட்டார் அதனைக் கேஜ்டி என்பர். நமக்கு அது அந்நியமன்று. விருத்தாசலத்தில் தல விருட்சமாக விளங்கும் வன்னியே அது. மார்வாடி அன்பர்கள் வீட்டு விருந்தில் பரிமாறும் சாங்கரிக் கறியும் இதன் காயைக் கொண்டு சமைப்பதே.

மானாவாரி உழவனுக்கு வன்னி ஒரு சேமநிதி. அதன் ஆணிவேர் ஆழத்தே சென்று நீர் தேடுவதால், அருகே நிற்கும் பயிரின் ஈரத்தை அவ்வளவாகப் பறிப்பதில்லை. ஜோத்பூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 360 மில்லிமீட்டர் அளவே. அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை. அது பொய்த்துக் கம்பு கருகிய ஆண்டிலும், வன்னியின் தழை ஆட்டையும் ஒட்டகத்தையும் காக்கின்றது. 1983-இல் ராஜஸ்தான அரசு இதனைத் தன் மாநில மரமாக அறிவித்தது.

ஆயினும் முதிய வன்னிகள் பட்டுப்போகும் வேகத்திற்கு இளங்கன்றுகள் எழுவதில்லை. மாட்டேர் பூட்டி உழுதவன், தானே முளைத்த கன்றைக் கண்டால் விலகி உழுவான். டிராக்டர் ஓட்டுபவனுக்கோ அது கண்ணிற் படுவதேயில்லை. ஆதலின் இன்று வன்னியை விதையிட்டு வளர்க்க நாற்றங்கால் வேண்டியிருக்கின்றது.

அந்த நாற்றங்கால் எங்கே இருக்கவேண்டும்? தொலைவிலிருந்து லாரியில் வரும் கன்று, வேரைப் பற்றிய மண் உதிர்ந்து, மழை ஓய்ந்தபின் வந்து சேருமாயின் நட்டுப் பயனில்லை. ஊர்க் கிணற்றடியிலேயே இருந்தால், நல்ல மழை பெய்த மறுநாளே குழியில் இறக்கிவிடலாம்.

வளர்ப்பதிலும் நுட்பமுண்டு. வன்னி, தண்டைவிட வேரையே விரைந்து நீட்டும். சிறிய பாலிதீன் பையில் அடைத்தால் வேர் அடியிற் சுருண்டுவிடும். நட்ட பின்னரும் அது நேரே இறங்காது. நீண்ட பையே ஏற்றது. பையைத் துளைத்துத் தரையில் இறங்கும் வேர் அறுபடுமாறு, பைகளை அவ்வப்போது இடம் மாற்றவேண்டும். நடுவதற்கு முன் சில வாரங்கள் நீரைக் குறைத்து, வெயிலிற் பழக்கவேண்டும். நிழலிற் செழித்த கன்று பார்வைக்கு அழகுதான்; பாலைவெயிலை அது தாங்காது.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குஜராத்தில் பள்ளிகளும் குடியானவர்களும் கன்று வளர்க்க, வன இலாகா அவற்றை விலை கொடுத்து வாங்கிற்று. ஏற்பாடு நன்றே. ஆனால் குடியானவர் நிலங்களில் நட்டவற்றுட் பெரும்பகுதி யூகலிப்டஸ். அதன் இலையை ஆடு தின்னாது. எந்த மரம் வேண்டுமென்பதை ஆடு மேய்ப்பவரிடமும் கேட்டிருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகின்றது. 1950-இல் கே. எம். முன்ஷி வனமகோத்ஸவத்தைத் தொடங்கிய நாள்முதல், நட்ட கன்றுகளை எண்ணுவதில் நாம் வல்லவராகவே இருக்கின்றோம். இரண்டாம் கோடைக்குப் பின் பிழைத்தவற்றை எண்ணுவோர் சிலரே.

வன்னி மெதுவாக வளர்வது. பலன் காணப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை குடியானவன் காத்திருப்பானா? ஜோத்பூரில் உள்ள மத்திய வறட்சி மண்டல ஆராய்ச்சி நிலையம் பரப்பிய ஒட்டு இலந்தை, இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கின்றது. ஊர் நாற்றங்காலில் இரண்டையும் சேர்த்தே வளர்க்கலாம்; இலந்தைக்கென இடும் வேலியினுள் வன்னியும் ஆட்டின் வாய்க்குத் தப்பி வளரும்.