கூட்டுச் சந்தையை விட்டு வெளியேறினால் என்ன ஆகும்? பிரிட்டன் விவசாயிகள் கண்டது

வேதாரண்யம் பக்கம் இறால் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: ‘பிரிட்டனோடு இந்தியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது, இறாலுக்கு இனி வரி கிடையாது என்கிறார்கள். பக்கத்து நாடுகளோடு இருந்த கூட்டையே முறித்துக்கொண்ட நாடு அது. அதனால் அந்த ஊர் விவசாயிக்கு லாபமா, நட்டமா? நமக்கு அதில் என்ன இருக்கிறது?’

நல்ல கேள்வி. கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் அடக்க முடியாது என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதிவிட்டோம்.

முதலில் அந்தக் கூட்டு என்னவென்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் என்பது 2016-ல் பிரிட்டனையும் சேர்த்து 28 நாடுகள் இருந்த ஒரு பொதுச் சந்தை. உள்ளுக்குள் வரி கிடையாது. எல்லையில் சோதனையும் கிடையாது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடுகளும் ஒரே வரி போடும். அதனால் எந்த நாடும் தனியாகப் போய் வெளிநாட்டோடு வணிக ஒப்பந்தம் போட முடியாது. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், 2017 வரை, குமுளியிலும் வாளையாரிலும் செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் நின்றதை நம் லாரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த செக்போஸ்ட்டே இல்லாத சந்தை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2016 ஜூன் 23-ல் வாக்கெடுப்பு. வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்கலாம் என்றவர்கள் 48.1 சதவீதம். அதற்கு முன் நடந்த வாதம் வேடிக்கையானது. வேளாண் துறையைக் கவனித்த கேபினட் அமைச்சர் லிஸ் டிரஸ் ‘இருக்க வேண்டும்’ என்றார். அதே துறையில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ், ஸ்ட்ராபெர்ரி பயிரிடும் குடும்பத்துக்காரர், ‘வெளியேற வேண்டும்’ என்றார். அங்குள்ள தேசிய விவசாயிகள் சங்கத்தின் நிர்வாகக் குழு, இருப்பதே விவசாயிக்கு நல்லது என்று தீர்மானம் போட்டது. ஆனாலும் உழவர்களில் பெரும் பகுதியினர் வெளியேறும் பக்கமே சாய்ந்தார்கள். எங்கோ பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் வரப்பு எத்தனை அடி இருக்க வேண்டும் என்று சொல்வதா என்ற கோபம் அது. அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. பழைய ஏற்பாடு அந்த ஆண்டுக் கடைசிவரை நீடித்தது. ஒப்பந்தம் இல்லாமல் போயிருந்தால் ஆட்டுக்கறிக்கு 40 சதவீதத்துக்கு மேல் வரி விழுந்திருக்கும். பிரிட்டனில் உற்பத்தியாகும் ஆட்டுக்கறியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிநாடு போகிறது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் ஐரோப்பாவுக்குத்தான். செம்மறி வளர்ப்பவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். டிசம்பர் 24-ல் ஒப்பந்தம் முடிந்தது: வரி பூஜ்யம், அளவுக்கும் உச்சவரம்பு இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

சிக்கல் ஜனவரி 1-ல் ஆரம்பித்தது. வரி இல்லை; ஆனால் செக்போஸ்ட் வந்துவிட்டது. இறைச்சி, மீன், பால் பொருள் எதுவானாலும் சுகாதாரச் சான்று வேண்டும், அதில் அதிகாரபூர்வ கால்நடை மருத்துவர் போன்றோர் கையெழுத்து வேண்டும். சுங்கப் படிவம் வேண்டும். சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் லாரி நின்றுவிடும். ஸ்காட்லாந்திலிருந்து பிரான்ஸுக்கு மறுநாளே போய்க்கொண்டிருந்த நண்டும் சிங்கிறாலும் வழியில் தேங்கின. அந்த மாதமே மீன் வியாபாரிகள் லாரிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து நிறுத்திப் போராடினார்கள். ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்குக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர் உண்டு. அதை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுப்பவே முடியாமல் போயிற்று. கிழங்கு அதேதான், நிலம் அதேதான். அந்த நாடு வெளிநாடு ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சரக்குக்குச் சான்று, படிவம், ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 டன் ஏற்றுபவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய். 200 கிலோ அனுப்பும் பாலாடைக்கட்டிக்காரருக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்! வரி என்றால் விலைக்கு ஏற்றபடி எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் விழும். காகிதச் செலவு சின்ன ஆளைத்தான் கடிக்கும். ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டன. பெரிய நிறுவனங்கள் தனியாக ஆள் போட்டுச் சமாளித்துக்கொண்டன.

இன்னொரு கூத்தும் நடந்தது. பிரிட்டன் சரக்குக்கு முதல் நாளிலிருந்தே அந்தப் பக்கம் சோதனை. ஐரோப்பாவிலிருந்து உள்ளே வரும் உணவுக்கோ பிரிட்டன் தன் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 2024-ல்தான் தொடங்கியது. கடையில் உணவு விலை ஏறிவிடுமோ என்ற பயம். ஆகமொத்தம் மூன்று ஆண்டுகள் அவர்களுக்குத் திறந்த கதவு, இவர்களுக்குச் செக்போஸ்ட்.

தனியாக ஒப்பந்தம் போடும் உரிமை கிடைத்ததே, அது என்ன ஆயிற்று? ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் போட்டார்கள்; இரண்டும் 2023 மே 31-ல் நடைமுறைக்கு வந்தன. ஆஸ்திரேலிய மாட்டிறைச்சி முதல் ஆண்டில் 35,000 டன் வரை வரியில்லாமல் வரலாம். பத்தாவது ஆண்டில் அது 1,10,000 டன். அங்கே ஒரு பண்ணை நம் தாலுகா அளவு இருக்கும். வேல்ஸ் மலைச்சரிவில் சில நூறு ஆடு மேய்ப்பவர் அதோடு எப்படிப் போட்டி போடுவார்? இந்த ஒப்பந்தத்தை முனைந்து கொண்டுவந்தவர், அதற்குள் வணிகத் துறைக்கு மாறியிருந்த லிஸ் டிரஸ். இது பிரிட்டனுக்கு அவ்வளவு நல்ல ஒப்பந்தம் அல்ல என்று 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னவர் யார் தெரியுமா? வெளியேற வேண்டும் என்று வாதாடிய அதே யூஸ்டிஸ்!

எல்லாமே நட்டம் என்றும் சொல்ல மாட்டோம். பயந்தபடி ஆட்டுக்கறி விலை சரியவில்லை; 2024-ல் உச்சத்துக்கே போனது. ஏக்கர் கணக்குக்குக் கொடுத்துவந்த மானியத்தை இங்கிலாந்து படிப்படியாகக் குறைத்து, மண், நீர், வேலியோர மரங்களைக் காப்பவருக்குப் பணம் என்று மாற்றியது. யோசனை நல்லது, பழைய பணம் நின்ற வேகத்துக்குப் புதிய பணம் வந்து சேரவில்லை என்பதுதான் அவர்கள் குறை. நாட்டின் மொத்த வணிகத்தைப் பொறுத்தவரை, ஒன்றியத்தில் இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடிய ஏற்றுமதி இறக்குமதியில் 15 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு அரசின் நிதிக் கணிப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. கொரோனாவும் உக்ரைன் போரும் நடுவில் புகுந்துவிட்டதால் இந்தக் கணக்கில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் 2025 மே 19-ல் பிரிட்டன் அரசே ஐரோப்பாவோடு உட்கார்ந்து, உணவுப் பொருள் சோதனையைத் தளர்த்த உடன்பாடு காணலாம் என்று ஒத்துக்கொண்டது. அதற்காக உணவு விஷயத்தில் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றவும் சம்மதித்திருக்கிறது. வெளியே போய், விதியை எழுதும் மேஜையில் இடமில்லாமல், அதே விதிக்குத் திரும்புவது என்ன கணக்கோ!

இப்போது வேதாரண்யத்துக்கு வருவோம். ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்டன் தனியாக நமக்கு வரிச் சலுகை தந்திருக்க முடியாது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான ஒப்பந்தம், அவர்கள் வெளியேறியதால் வந்ததுதான். அதில் நம் இறாலுக்கு வரி நீங்குகிறது. அவர்கள் பால் பொருளுக்கும் ஆப்பிளுக்கும் இந்தியா கதவைத் திறக்கவில்லை. நியூசிலாந்துப் பால்பவுடர் பயத்தில் 2019 நவம்பரில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசியக் கூட்டில் சேராமல் நாம் திரும்பிவந்தது நினைவிருக்கலாம்; அதே எச்சரிக்கை இங்கேயும்.

ஆனால் வரி நீங்கினால் அந்தப் பணம் நேராகக் குளத்துக்கரைக்கு வந்துவிடாது. நடுவில் வியாபாரி, பதப்படுத்தும் ஆலை, ஏற்றுமதியாளர் என்று மூன்று கை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களை நிறுத்திய அதே காகிதம் நமக்கும் உண்டு: குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் தெரிந்தால் கன்டெய்னரே திரும்பும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் குளத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? குஞ்சு வாங்கிய ரசீது, போட்ட தீவனம், மருந்து எல்லாம் நோட்டில் இருக்கிறதா? இவை இருந்தால் ஏற்றுமதிக்கு எடுப்பவரிடம் விலை பேசலாம். தனியாகப் பேசுவதைவிட, பக்கத்துக் குளத்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் அறுவடை வைத்து, பரிசோதனைச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு பேசிப் பாருங்கள்.