ஆறு மணி வித்தியாசம்

அயல் நாட்டில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு நேரும் பெரிய சங்கடங்கள் மறந்து போய்விடுகின்றன. சின்னச் சங்கடங்களே ஆயுள் முழுதும் நினைவில் நிற்கின்றன. நம் பாட்டனார்கள் அபிஸீனியா என்று சொல்லி வந்த எத்தியோப்பியாவில் நாம் ஆசிரியராக இருந்தபோது நேர்ந்த ஒரு சனி ஞாயிறு அத்தகையது.

அந்த நாட்டுக்கும் நம் நாட்டு வாத்தியார்களுக்கும் உள்ள சம்பந்தம் பழையது. 1896-ல் அடுவா யுத்தத்தில் இத்தாலியரை முறியடித்த தேசம் அது. அதே இத்தாலியர் 1936-ல் மீண்டும் வந்து பிடித்தார்கள், 1941-ல் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு சக்கரவர்த்தி ஹெயிலி ஸெலாஸி பள்ளிக்கூடங்களைப் பெருக்கியபோது இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் பலர் போனார்கள். அந்த வழியில் வெகு காலம் பிந்திப் போய்ச் சேர்ந்தவர்களுள் நாமும் ஒருவர்.

2013-ம் வருஷம் ஜனவரி மாதம். நமக்குத்தான் 2013, அவ்வூர்ப் பஞ்சாங்கப்படி 2005. அவர்களுக்கு வருஷத்தில் பதின்மூன்று மாதங்கள்! தலைநகரான அடிஸ் அபாபாவோ உதகமண்டலத்தைவிடச் சற்று உயரமான ஊர். குளிரில் விறைத்துப் போயிருந்த நமக்கும், கும்பகோணத்துக் கணித ஆசிரியருக்கும், திருநெல்வேலி ரசாயன ஆசிரியருக்கும் தென்கிழக்கே சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டரிலுள்ள பிஷோப்து ஏரிகளைப் பார்க்கவேண்டுமென்று ஆசை உண்டாயிற்று. அவிந்த எரிமலைகளின் வாய்களில் நீர் நிரம்பி ஏரியானவை அவை. வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்து, நமக்குத் தெரிந்த 'நாளை', 'ஏழு', 'மணி' என்ற மூன்று அம்ஹாரிக் சொற்களால் ஏற்பாட்டை முடித்தோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூட்டையும் கையுமாக வாசலில் நின்றோம். எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. கட்டி வைத்த புளியோதரை பத்து மணிக்கெல்லாம் தீர்ந்து போயிற்று. பகல் ஒரு மணிக்கு வண்டி வந்தது! சிரித்த முகத்துடன் இறங்கிய வண்டிக்காரர் மீது மூவரும் பாய்ந்தோம். "இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான், நேரத்தின் அருமை இவர்களுக்கு என்ன தெரியும்!" என்று கணித ஆசிரியர் முழங்க, நாமும் அதை ஆமோதித்தோம்.

அந்த மனிதர் பதில் பேசாமல் தம் கடிகாரத்தைக் காட்டினார். அது மிகச் சரியாக ஏழு மணி காட்டியது. சத்தம் கேட்டு வெளியே வந்த வீட்டுக்கார அம்மாள்தான் விஷயத்தை விளக்கினாள். அந்நாட்டில் நாள் விடிகிற பொழுதில் தொடங்குகிறது. நமது காலை ஆறு மணியிலிருந்து அவர்கள் கணக்கு ஓடுகிறது. நமது ஏழு அவர்களுக்கு ஒன்று, நமது பகல் ஒன்று அவர்களுக்கு ஏழு. வண்டிக்காரர் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை.

வண்டியில் ஏறிய பிறகு நெடு நேரம் யாரும் பேசவில்லை. "நேரத்தின் அருமை தெரியாதவர்கள்" என்று நம்மை ஆண்ட வெள்ளைக்காரர்கள் நம் முன்னோரைச் சொன்னதைப் படித்து எத்தனை முறை ரத்தம் கொதித்திருக்கிறோம்! அதே வார்த்தை நம் வாயிலிருந்தே, தவறு செய்யாத ஒருவர் மீது விழுந்துவிட்டது. அதிலும் வெட்கம், அந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல என்பதே. நம் ஜாதகங்களில் உதயாதி நாழிகை எழுதுவதும் சூரியோதயத்திலிருந்துதானே? அவர்கள் மூன்று மணி என்பதை நம் பாட்டனார் ஏழரை நாழிகை என்றிருப்பார். பேரப்பிள்ளைகளாகிய நாம்தான் மறந்துவிட்டோம்.

பிஷோப்துவில் இறங்கியதும் வண்டிக்காரரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டோம். பிறகு சாப்பாட்டுச் சங்கடம். புதன், வெள்ளிகளில் அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் விரதம் காப்பதால் ஹோட்டல்களில் புலால் இல்லாத உணவு வகைவகையாகக் கிடைக்கும். நாம் போனதோ சனிக்கிழமை, எங்கும் மாமிசம். சைவரான ரசாயன ஆசிரியர் வாடிப்போனார். கடைசியில் கடலை மாவில் செய்த ஷிரோ என்ற குழம்பு அகப்பட்டது. புளித்த தோசை போன்ற இஞ்செராவில் அதைத் தோய்த்து, பக்கத்திலிருந்த பாட்டியம்மாள் ஒருத்தி நண்பரின் வாயிலேயே ஊட்டிவிட்டாள். விருந்தினருக்கு அன்பு காட்டும் வழக்கமாம் அது. திகைத்த நண்பர் விழுங்கிவிட்டுக் கண் கலங்கினார். அது மிளகாய்க் காரம் என்றுதான் இன்றைக்கும் சொல்லி வருகிறார்!

ஹோரா ஏரிக் கரையில் இரவு தங்கினோம். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்ப வேண்டும். பாடம் கற்றவர்களல்லவா? கணித ஆசிரியர் விரல் விட்டுக் கழித்துப் பார்த்து, "இரண்டு மணிக்கு வாருங்கள்" என்று வண்டிக்காரரிடம் கம்பீரமாகச் சொன்னார்.

ஞாயிறு காலை எட்டாயிற்று, பத்தாயிற்று. வண்டியைக் காணோம். விடுதிக்கார அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி போட உட்கார்ந்தாள். காப்பிச் செடியின் தாயகம் அந்தத் தேசம். பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி, சோளப்பொரியுடன் மூன்று சுற்றுத் தருவது மரபு. பால் கிடையாது. டிகிரி காப்பியைத் தவிர வேறு எதையும் தொடாத கும்பகோணத்து நண்பர் முதல் கிண்ணத்தை முகம் சுளித்துக் குடித்தார். மூன்றாவதைத் தாமே கேட்டு வாங்கினார்.

பகல் இரண்டு மணிக்கு வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் வெற்றி வீரரைப் போல் இறங்கி, "இன்று உங்கள் கடிகாரப்படியே வந்துவிட்டேன்!" என்றார். நாம் அவர் கணக்குக்கு மாறினோம். நம் மனம் நோகக் கூடாதென்று அவர் நம் கணக்குக்கு மாறியிருக்கிறார்!

முந்தின நாளும் ஆறு மணி நேரந்தான் காத்திருந்தோம். இன்று ஒருவர் முகத்திலும் கோபமில்லை. அம்மாள் மறுபடியும் கொட்டையை வறுக்கத் தொடங்கினாள், நால்வரும் உட்கார்ந்தோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று வழியில் வண்டிக்காரர் கேட்டார். ஒருவரும் மணி சொல்லவில்லை. மூவரும் சேர்ந்து கிழக்குத் திசையைக் கையால் காட்டினோம்.