சோதனைக்கு முன் கோதுமை

தேனிக் கல்லூரியொன்றில் பயிலும் என் தம்பி மகன் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தான். "பெரியப்பா, சப்பாத்தியும் புரோட்டாவும் தின்றால் வயிறு உப்பி நோகிறது. இரண்டு மாதமாகக் கோதுமையையே விட்டுவிட்டேன், சுகமாக இருக்கிறது. சீலியாக் நோயாக இருக்கலாம், இரத்தச் சோதனை செய்துகொள் என்கிறார்கள். சோதனைக்கு முன் மறுபடியும் கோதுமை உண்ண வேண்டுமாம். நோவைத் தரும் பொருளை நோயறிய உண்பதா?"

நியாயமான கேள்வி. விடை காண, முதலில் நோயின் தன்மையை அறிய வேண்டும்.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்தப் பசைத்தன்மைக்குக் காரணமான புரதமே குளூட்டன். பார்லியிலும் இவ்வகைப் புரதம் உண்டு. அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றில் இல்லை. சிலருடைய உடல் இந்தப் புரதத்தைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் அழிவது சொந்தச் சிறுகுடலே. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. இரத்தச் சோகை, மெலிவு, வளர்ச்சிக் குறைவு முதலியன தொடர்கின்றன.

இதற்கும் கோதுமைக்கும் உள்ள உறவை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி அரிதாயிற்று. அப்போது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியபின் மீண்டும் நலிந்ததும் அவர் கருத்துக்கு வலுவூட்டின. 1950-இல் தம் ஆய்வை அவர் வெளியிட்டார்.

கோதுமை நின்றால் குடல் ஆறும் என்பது நோயாளிக்கு நன்மை, சோதனைக்கோ இடையூறு. இரத்தச் சோதனை தேடுவது அப்போரில் பிறக்கும் எதிர்ப்பொருள்களை. குடலிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பார்ப்பது தேய்ந்த உறிஞ்சிகளைக் காண. பகைப்பொருள் வராவிடில் போர் தணியும், தடயமும் மறையும். நம் கம்பம் பள்ளத்தாக்கு உழவரைக் கேளுங்கள்: வாய்க்கால் கரை எங்கே கசிகிறது என்பதைத் தண்ணீர் ஓடும்போதுதான் காண முடியும். வறண்ட வாய்க்காலைப் பார்த்துக் கரை உறுதியானது என்பவர் ஏமாந்து போவார்.

ஆகவே, சோதனை முடியும் முன் கோதுமையை நிறுத்தலாகாது என்பதே விதி. நிறுத்தியவர், மருத்துவர் மேற்பார்வையில், நாள்தோறும் ஒரு வேளைக்கு மேற்பட்ட உணவில் கோதுமை சேர்த்துக் குறைந்தது 6 வாரமாவது உண்டபின் சோதிப்பது பொதுவான வழக்கம். கோதுமையால் தடிப்போ மூச்சுத் திணறலோ வருபவருக்கு இது பொருந்தாது. அது வேறு நோய், ஆபத்தானது. உண்ணவே இயலாதவருக்கு மரபணுச் சோதனை உண்டு. அது உணவைப் பொறுத்ததன்று. உரிய மரபணு இல்லையெனில் சீலியாக் நோய் பெரும்பாலும் இல்லையெனலாம். இருந்தால் மட்டும் நோய் உண்டென்று ஆகாது.

ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2016-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், அம்மரபணு வட இந்தியரிலும் தென்னிந்தியரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. ஆயினும் எதிர்ப்பொருள் காணப்பட்டது வடக்கே 1.23 விழுக்காட்டினரிடம், தெற்கே 0.10 விழுக்காட்டினரிடம் மட்டுமே. நாளொன்றுக்கு அங்கே சராசரி 455 கிராம் கோதுமை உண்டனர். இங்கே 25 கிராம். நெற்சோறு உண்ணும் நம்மிடம் நோய் அரிது. ஆனால் ரவையும் சேமியாவும் புரோட்டாவும் பெருகிவரும் இக்காலத்தில், இல்லவே இல்லை என்று கூறவும் இயலாது.

"சுகமாகத்தான் இருக்கிறேனே, சோதனை எதற்கு?" என்று அவன் மீண்டும் கேட்டான். நோய் உண்டென்றால் வாழ்நாள் முழுதும் விலக்கு வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கலக்கும் மாவைக்கூடக் கவனிக்க வேண்டும். உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும். இல்லையென்றால், வயிற்று நோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். அரைகுறை ஐயத்தோடு வாழ்பவனுக்கு இவ்விரண்டு பயனும் இல்லை.

அவன் மருத்துவரைக் கண்டு நாள் குறித்துக்கொண்டான். இப்போது காலையில் ரவை உப்புமாவும் இரவில் சப்பாத்தியும் உண்கிறான். சிறிது நோகிறதாம். அந்த ஆறு வாரத் துன்பம், உண்மையை அறிவதற்கு அவன் தரும் விலை.